முக்காட்டின் நாலாவது பக்கம்

அப்பு, ஆத்தா, பிள்ளைகளா, போன வாரம் வீட்டுக்கு வந்த மாமாவிடம் நீங்கள் இரண்டு பேரும், "எங்கப்பாவுக்கு லேஸ் பின்னத் தெரியும்" என்று சொன்னீர்கள். அவர் சிரித்துவிட்டு, "உங்கப்பனுக்குச் சாக்கு தைக்கத்தான தெரியும்" என்றார். உடனே நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் காபியைக் குடித்துக்கொண்டிருந்தேன். வாயால் சொன்னால் பெருமை அடித்துக்கொள்கிற மாதிரி ஆகிவிடும். அதனால் எழுதி வைக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து இது. தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

மாமா சொன்னதும் பொய்யில்லை. என் சோலி சாக்கு தைப்பதுதான். மலையிலிருந்து ஜீப்பில் இறங்குகிற ஏலக்காயை நம் ஸ்டோரில் பெண்கள் உட்கார்ந்து தரம் பிரிப்பார்கள். மூட்டை கட்டியதும் அதன் வாயை நான் தைப்பேன். ஒரு காய்கூட வெளியே வரக் கூடாது. ஒவ்வொரு தையலுக்கும் மூச்சைப் பிடித்து இழுக்க வேண்டும். நாலைந்து தையலுக்கு ஒரு தடவை நூலை வளைத்து முடிச்சுப் போட வேண்டும். அதைப் பூட்டு என்போம். வழியில் எங்காவது நூல் அறுந்தாலும் அடுத்த பூட்டோடு நின்றுவிடும். நான் தைத்த மூட்டை வாய் பிளந்ததாக இதுவரை யாரும் வந்து சொன்னதில்லை.

உங்கள் அம்மா கை வேறு மாதிரி. காய் எடுக்கிற காலத்தில் விடியும் முன்னே ஜீப்பு ஏறிப் போடிமெட்டுக்கு மேலே தோட்டத்துக்குப் போவாள். வேலை இல்லாத நாட்களில் குரோஷா பின்னுவாள். முனையில் கொக்கி வைத்த சின்ன ஊசியும் வெள்ளை நூலும் இருந்தால் போதும், தலையணை உறைக்கும் டிவி மேல் போடுகிற துணிக்கும் ஓரம் பின்னிவிடுவாள். அதைப் பார்த்துத்தான் மளிகைக் கடைக்கார அக்கா அவளிடம் வந்தார். அவருடைய மகளுக்குப் புதுநன்மை. கிறிஸ்தவ வேதக்காரப் பிள்ளைகள் சாமியார் கையால் முதல் தடவை நன்மை அப்பம் வாங்குகிற நாள் அது. வெள்ளை உடுப்பு, வெள்ளை முக்காட்டோடு கோயிலுக்குப் போவார்கள். அந்த முக்காட்டுக்கு நாலு பக்கமும் லேஸ் வேண்டும்.

"மிசின் லேஸு வாங்கிறாதீகக்கா. நான் கையால பின்னித் தர்றேன்" என்று அம்மா வாக்குக் கொடுத்துவிட்டாள். ஊரே பார்க்கிற இடத்துக்கு அவள் பின்னல் போவது அதுதான் முதல் தடவை.

மூன்று பக்கம் முடித்துவிட்டாள். நாலாவது பக்கத்துக்கு அடிச்சங்கிலியும் அதன்மேல் கட்டக்கட்டமாக ஓட்டை வரிசையும் தயார். அதற்கு மேலே வருகிற விசிறி வரிசை மட்டும் ஒரு சாண் பின்னினதோடு நின்றது. அந்த நேரம் பார்த்துக் கடைசி எடுப்புக்கு ஆள் பற்றவில்லை என்று தோட்டத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். போனவள் பனியில் நனைந்த பாசியில் வழுக்கி விழுந்தாள். ஜீப்பிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். வலது மணிக்கட்டில் முறிவு. மாவுக்கட்டுப் போட்டுவிட்டார்கள்.

கட்டுப் பிரிப்பதற்குள் புதுநன்மை வந்துவிடும். பின்னத் தெரிந்த இன்னொருத்தி திருப்பூருக்குக் குடிபோய்விட்டாள். அம்மா அழவில்லை. முக்காட்டை மடித்துப் பையில் வைத்தாள்.

"அந்த அக்காட்டக் குடுத்துட்டு வந்துருங்க. மிசின் லேஸே வச்சுக்கிறட்டும்."

"மூணு பக்கம் பின்னிட்டயே."

"மூணு பக்கத்த வச்சு என்ன செய்யிறது. பாதியில விட்டுட்டான்னுதான் பேச்சு வரும்."

நான் பையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். "எனக்குச் சொல்லிக்குடு. நானும் ஊசி பிடிக்கிறவன்தான" என்றேன். அவள் என் கையைப் பார்த்தாள். சணல் அறுத்து அறுத்துக் காய்ப்பு ஏறின கை. "மொதல்ல போயிக் கைய நல்லாக் கழுவுங்க" என்றாள். அதுவே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, வியர்வை நூலில் படாமல் இருக்க உள்ளங்கையில் பவுடர் போட்டு உட்காருவேன். அம்மா இடது கையில் ஈர்க்குச்சி வைத்துக்கொண்டு காட்டுவாள். ஊசியில் நூலை ஒரு சுற்றுச் சுற்றி, கட்டத்துக்குள் விட்டு இழுத்து, இரண்டிரண்டு வளையமாகக் கழித்தால் ஒரு கால். ஒரே கட்டத்தில் ஐந்து கால் நட்டால் மேலே விரிந்து விசிறி மாதிரி நிற்கும். நடுக்காலின் தலையில் சின்னதாக ஒரு மொட்டு. பிறகு ஒரு கட்டம் தள்ளி அமுக்கிவிட்டு அடுத்த விசிறி. கேட்கும்போது எளிதாகத்தான் இருந்தது.

வேறு நூலில் பின்னிப் பழகினேன். நான் பின்னின முதல் துண்டு விரியவே இல்லை. சிரட்டை மாதிரி குழிந்துகொண்டது. ஆத்தா, அதை எடுத்து நீ பொம்மைக்குத் தொப்பி போட்டாய். நினைவிருக்கிறதா? அம்மா அதைப் பிடுங்கி, "சரி, பிரிச்சிட்டு மறுபடி பின்னுங்க. இதுல ஒரு சௌகரியம், நுனிய இழுத்தா மொத்தமும் வந்துரும்" என்று இடது கையால் நுனியை இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். அசையவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"ஏங்க, விசிறிக்கு விசிறி முடிச்சா போட்டு வச்சிருக்கீக?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். எனக்கே தெரியாமல் கை பூட்டுப் போட்டிருந்தது.

"இதுக்குள்ள என்ன ஏலக்காயா இருக்கு, கொட்டிப் போறதுக்கு? லேஸுன்னாலே ஓட்டதாங்க. நீங்க இருக்கிற ஓட்டையெல்லாம் அடச்சு வச்சிருக்கீக."

கத்தரிக்கோலால் வெட்டித்தான் அதைப் பிரிக்க முடிந்தது. அப்பு, நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

பூட்டை மறக்க எனக்கு வெகுநாள் ஆகவில்லை. இறுக்கம்தான் விடவில்லை. அம்மா கொஞ்சம் பெரிய ஊசி கொடுத்துப் பார்த்தாள். பரவாயில்லை என்கிற அளவுக்கு வந்தது, ஆனாலும் ஓரம் சுருண்டது. ஸ்டோரில் காய் பொறுக்குகிற பெண்களுக்குச் சேதி போய்விட்டது. "அண்ணே, இனிமே மூட்டைக்கும் லேஸ் வச்சுத்தான் தைப்பீகளாக்கும்" என்றாள் ஒருத்தி. "வச்சா என்ன, வெல கூடக் கெடைக்கும்ல" என்றாள் பக்கத்தில் இருந்தவள். நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. முக்காட்டுப் பை மாட்டியிருந்த ஆணியை அம்மா அடிக்கடி பார்ப்பாள்.

ஒரு நாள் பின்னிக்கொண்டே அன்றைக்கு நடந்ததைச் சொன்னேன். போடிமெட்டில் ஜீப்பை நிறுத்தி டீ குடிக்கப் போன நேரத்தில், ஒரு குரங்கு உள்ளே புகுந்து மேஸ்திரியின் தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. மேஸ்திரி கீழே நின்று, "தம்பி, சோத்தத் தின்னுட்டு வாளியப் போட்ரு" என்று கெஞ்சியிருக்கிறார். டிரைவர் வந்து சொன்னதை நடித்துக் காட்டிவிட்டு நிமிர்ந்தால், அம்மா சிரிக்காமல் என் மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னின துண்டை எடுத்துத் தரையில் வைத்து உள்ளங்கையால் தடவினாள். மூன்று விசிறி, ஓரம் சுருளாமல் படுத்துக் கிடந்தது.

"நிறுத்தாதீக. பேசுங்க" என்றாள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. சாக்கு தைக்கிற பழக்கத்தில் பேசாமல் இருந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். மூச்சைப் பிடித்தால் கை இறுகுகிறது. பேசினால் மூச்சு ஓடுகிறது, நூலும் தளர்ந்து ஓடுகிறது.

மறுநாள் முக்காட்டின் நாலாவது பக்கத்தை அம்மாவே எடுத்து என் மடியில் வைத்தாள். அதிலிருந்து தினமும் எனக்குப் பேச விஷயம் வேண்டியிருந்தது. ஸ்டோரில் கேட்டுக் கேட்டுச் சேர்த்தேன். தேவாரம் ஊர்ப் பக்கம் யானை வந்து ஒருத்தர் தோட்டத்து வாழையை மட்டும் விட்டுவிட்டுப் போனது, ராசிங்காபுரத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் செருப்புக் காணாமல் போனது எல்லாம் அந்த விசிறிகளுக்குள்தான் இருக்கிறது. பெண்களும் பழகிவிட்டார்கள். "அண்ணே, இன்னைக்கு எத்தன விசிறிக்குக் கத வேணும்" என்பார்கள். அம்மாவுக்குக் கதை அலுத்தாலும் "ம்" போடுவாள். நிறுத்தினால் ஈர்க்குச்சியால் முழங்கையில் ஒரு தட்டு.

முதல் நாள், அவள் கை நின்ற இடத்தை ஒட்டி நான் போட்ட இரண்டு விசிறி லேசாகத் தடித்திருந்தது. பிரித்து மறுபடி போட்டேன். நுனியை இழுத்ததும் பொலபொலவென்று வந்தது. பிரிந்து வருவதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. கடைசி விசிறியும் முடிந்து, லேஸை முக்காட்டோடு சேர்த்துத் தைத்து முடித்தபோது அம்மா சொன்னாள், "இப்பப் போடுங்க உங்க பூட்ட."

இரண்டு பேருமாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அக்கா முக்காட்டைக் கட்டிலில் விரித்தார். அம்மா மறைக்கவில்லை.

"ஒரு பக்கத்துல பாதிக்கு மேல இவுக பின்னுனதுக்கா. என் கை இப்பிடி ஆயிப்போச்சு."

"சும்மா சொல்லாதத்தா."

"நெசந்தான். எதுன்னு நீங்களே பாருங்க."

அக்கா நாலு பக்கமும் விரலை ஓட்டினார். இரண்டாவது பக்கத்தில் ஓர் இடத்தில் நிறுத்தி, "இதுதான, கொஞ்சம் தடிப்பாத் தெரியுது" என்றார். அது உங்கள் அம்மா பின்னினது. நான் கூரையைப் பார்த்துக்கொண்டேன். அம்மா, "அப்பிடியாக்கா" என்றாள். அதற்குள் அந்தப் பிள்ளை முக்காட்டைத் தலையில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றுவிட்டது. அக்கா அதைக் கழற்றச் சொல்லியும் கழற்றவில்லை.

தெருமுனை வரை அம்மா முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். பிறகு, "அந்தக்காவுக்குக் கண்ணு சரியில்ல" என்றாள். கொஞ்ச தூரம் போய், "நல்லாத்தான் பின்னியிருக்கீக" என்றாள்.

புதுநன்மை அன்றைக்கு நாம் நாலு பேரும் கோயிலுக்கு வெளியே நின்று பார்த்தோம். மலைக்காற்றில் அந்தப் பிள்ளையின் முக்காடு எழும்பியது. யாரோ ஓர் அம்மாள், இந்த லேஸ் எங்கே வாங்கினது என்று அக்காவிடம் கேட்டார். அக்கா நம் பக்கம் கையைக் காட்டினார். நீங்கள் இரண்டு பேரும் கல்கோனா மிட்டாயில் கவனமாக இருந்தீர்கள். அதனால்தான் அதையும் எழுதுகிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இது அம்மாவுக்கும் தெரியாது. மறுநாள் ஸ்டோரில் எல்லோரும் போன பிறகு, கடைசி மூட்டையின் வாயைத் தைத்து முடித்தேன். மூலையில் தூக்குவதற்கு விடுகிற காது நீட்டிக்கொண்டிருந்தது. கோணி ஊசிக்குக் கொக்கி கிடையாது. அதனால் சுட்டு விரலையே கொக்கியாக மடக்கி, சணல் நூலில் அந்தக் காதின்மேல் ஐந்து கால் நட்டேன். நடுவில் ஒரு மொட்டு வைத்தேன். பிரிந்துவிடாமல் ஒரு பூட்டும் போட்டேன். பிறகு அந்தக் காது வெளியே தெரிகிற மாதிரி மூட்டையைத் திருப்பி, மற்ற மூட்டைகள் அடுக்கியிருந்த அட்டியில் ஏற்றிவிட்டு, விளக்கை அணைத்தேன்.