பட்டப்பகலில் ஏற்றிய விளக்கு

கையில் விளக்குமாறு இருந்தபோதுதான் எனக்கு அது தோன்றியது. நயா பைசாக் காசு இன்னும் ஊருக்குப் புதிது. போன தை மாதம், ஒரு சனிக்கிழமை. உத்திரமேரூருக்குப் பக்கத்தில் எங்கள் சேரியின் கூரை ஆலயத்தை மறுநாள் ஆராதனைக்காகப் பெருக்கிக்கொண்டிருந்தேன். அழுதுகொண்டேதான்.

அழுதது என் அம்மா மரியாளுக்காக. அம்மா பெரிய வீட்டு மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளுகிறவள். அன்று காலை பெரிய வீட்டம்மாளின் வெள்ளைக்கல் மூக்குத்தி காணாமல் போனது. தலை முழுகும்போது கழற்றிக் கொட்டகைப் பக்கத்து ஜன்னலில் வைத்தாளாம். ஜன்னலுக்கு வெளியே நின்றது இரண்டு எருமைகளும் என் அம்மாவும். எருமைகளை யாரும் சந்தேகப்படவில்லை.

பெரிய வீட்டுக்காரர் தீர்ப்பே சொல்லிவிட்டார். “திங்கக்கெழம காலைல அம்மன் கோயிலாண்ட வந்து கற்பூரத்த அணைச்சி சத்தியம் பண்ணட்டும். பண்ணலன்னா அவதான் திருடி.”

அம்மா எப்படிப் பண்ணுவாள்? பண்ணினால் விசுவாசம் போச்சு. பண்ணாவிட்டால் மானமும் போச்சு, வேலையும் போச்சு. அன்று அம்மா கூழைத் தொடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறி, ஆசிரியைப் பயிற்சிக்கு அழைப்பு வரும் என்று தபால்காரரைத் தினமும் விரட்டிக்கொண்டிருப்பவள். சும்மா இருக்க வராது. பெருக்கிக்கொண்டே கண்ணை மூடி, “ஆண்டவரே, வழி காட்டும்” என்றேன். பிரசங்க மேசையில் நெற்றி இடித்தது. கண் திறந்தது. காசைத் தொலைத்த பெண்ணைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமை நினைவுக்கு வந்தது. அவள் யார் மேலும் பழி போடவில்லை. யாரிடமும் கற்பூரம் கேட்கவில்லை. விளக்கைக் கொளுத்தினாள், வீட்டைப் பெருக்கினாள், கிடைத்தது. இது வெறும் கதையா? செய்முறை அல்லவா!

ஆலயத்தை நடத்தும் உபதேசியாரிடம் ஓடிச் சொன்னேன். அவர் நடுங்கிவிட்டார். “இன்னா எஸ்தரு, மறுபடியுமா? ஆட்டு உவமைய நீ செஞ்சி பாத்ததே போதும்மா.” அதற்கு முந்தின மாதம், எங்கள் நாலு ஆடுகளில் மூன்றை விட்டுவிட்டு, காணாமல் போன ஒன்றைத் தேடிப் போயிருந்தேன். அது கிடைத்தது. மற்ற மூன்றும் அதற்குள் உபதேசியாரின் கத்தரிச் செடிகளை முடித்திருந்தன.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெரிய வீட்டுக் கொட்டகைக்குப் போனேன். அதற்குமேல் எங்களுக்கு அனுமதி கிடையாது. ஜன்னல் வழியே கூப்பிட்டேன். மூக்குத் துளை தூர்ந்துபோகாமலிருக்கத் துடைப்பக் குச்சியைச் செருகிக்கொண்டு பெரிய வீட்டம்மாள் வந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

“இன்னாடி, படிச்ச பொண்ணுன்னு பாத்தா, பட்டப்பகல்ல வெளக்கா? பைத்தியம் புட்ச்சிக்கிச்சா?”

“ஒரே ஒரு தபா வெளக்கேத்திப் பெருக்கிப் பாருங்கம்மா. கெடைக்கலன்னா நாளைக்கி எங்கம்மாவோட நானும் வந்து நின்னு திருடின்னு பேர் வாங்கிக்கறேன்.”

“நீயே வந்து பெருக்கு” என்று வாயெடுத்தவள், நான் எந்தத் தெரு என்பது நினைவு வர நிறுத்திக்கொண்டாள். விளக்கைக் கொளுத்தி, துடைப்பத்தையும் அவளே எடுத்தாள்.

நான் சாணிக் குவியல்மேல் ஏறி நின்று, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தேன். “ஆண்டவரே, உவமை உம்முடையது, மானம் எங்களுடையது.” ஆமென் சொல்லாமலே மேஸ்திரி வேலையையும் தொடங்கினேன். “அந்த மூலைம்மா! நெல்லுக் குதிருக்குப் பின்னாலம்மா!”

குதிருக்குப் பின்னாலிருந்து முதலில் வந்தது மூக்குத்தி அல்ல. ஒரு பீடிக் கட்டும் வத்திப்பெட்டியும்.

“இன்னாங்க இது? போன ஆடியில கற்பூரத்த அணைச்சி, பீடிய வுட்டுட்டேன்னீங்களே?”

சாய்வு நாற்காலியிலிருந்து பெரிய வீட்டுக்காரர் எழுந்தார். “அது... எலி இஸ்துக்கினு வந்திருக்கும்.”

“எலி வத்திப்பெட்டியோடவா பீடி புடிக்குது? காட்டுங்க, ஒங்க எலிய நானும் பாக்கறேன்!”

கோபத்தில் குதிரின் அடியிலிருந்த வளைக்குள் விளக்கை நீட்டினாள். உள்ளே ஏதோ மினுக்கென்றது. துடைப்பக் கட்டையால் இழுத்தாள். பாதி கொறித்த சிவப்பு சோப்பு. அதன் நடுவில், குத்திவைத்த இடத்திலேயே, மூக்குத்தி!

உருண்டு ஓடாமலிருக்கச் சோப்பில் குத்தி ஜன்னலில் வைத்தது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. “எந்தலையில நானே மண்ண அள்ளிப் போட்டுக்கினேனே” என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் குவியல்மேல் குதித்து “அல்லேலூயா” என்றேன். முழங்கால் வரை இறங்கிப் போனேன். ஸ்தோத்திரம் செய்ய அதுவும் ஓர் இடம்தான்.

அம்மாளின் கண்ணைப் பார்க்காமலே பெரிய வீட்டுக்காரர் சொன்னார்: “நாளைக்கிக் கற்பூரம்லாம் ஒண்ணும் வாணாம்.”

“இன்னும் ஒண்ணு பாக்கி கீதுங்கம்மா” என்றேன். “கெடைச்சதும் அக்கம்பக்கத்துப் பொம்பளைங்களக் கூப்ட்டுச் சொன்னாத்தான் அந்த உவமை முடியும்.”

அவள் துடைப்பக் குச்சியை எடுத்துவிட்டு மூக்குத்தியை மாட்டிக்கொண்டாள். பிறகு தெருவாசலுக்குப் போய், எல்லோரையும் அழைத்து உரக்கச் சொன்னாள்: “மூக்குத்தி கெடச்சிச்சிடி. எலி எடுத்துக்கினு போயிருக்குது. மரியா மேல பழி போட்டது என் தப்பு.” வந்தவர்களுக்கெல்லாம் அவள் கொடுத்த சுண்டல் எங்களுக்குப் பின்வாசல் வழியாகத்தான் வந்தது. ஆனால் வார்த்தை தெருவாசலில் சொல்லப்பட்டது. அம்மாவுக்கு அது போதும். அன்று இரண்டு சட்டி கூழ் குடித்தாள்.

அன்றுமுதல் எங்கள் வீட்டில் எது காணாமல் போனாலும் யார் பெயரும் வாயில் வருவதில்லை. துடைப்பம்தான் கைக்கு வருகிறது. நீங்களும் ஆண்டவரை நம்பிப் பாருங்கள். உங்கள் வீட்டு இருட்டு மூலையும் அவருக்குத் தெரிந்த இடம்தான். முதலில் வேறு ஏதாவது வெளியே வந்தால் பயப்படாதீர்கள்.

இன்று கூழ்ச் சட்டியைக் கழுவிக்கொண்டே அம்மா சொன்னாள்: “மூக்குத்தி கெடைக்குது, ஆடு கெடைக்குது. நம்ம சாமுவேலுக்கும் ஒரு வெளக்கு ஏத்துடி.”

அண்ணன் சாமுவேல் அப்பாவோடு சண்டை போட்டு மதராஸுக்கு ஓடி இரண்டு வருஷம். “வந்தான்னா கால ஒடப்பேன்” என்கிறார் அப்பா. ஆனால் சாயங்கால பஸ் வரும் நேரத்துக்குத் தினமும் ரோட்டோரம் போய் நிற்கிறார். காற்று வாங்கவாம்.

வீட்டை விட்டுப் போன மகனுக்காகத் தகப்பன் வழி பார்த்திருக்கும் உவமை ஒன்றும் உண்டு. அதில் தகப்பன் செய்யவேண்டியதை அப்பா ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார். பாக்கி என் வேலைதான். அண்ணன் எழும்பூரில் ரிக்‌ஷா இழுப்பதாகக் கேள்வி. நாளைக் காலை முதல் பஸ்ஸில் நான் போகிறேன். மகன் திரும்பியதும் அந்தத் தகப்பன் விருந்துக்கு அடித்ததுபோல் எங்களிடம் கொழுத்த கன்று இல்லை. சேவல் ஒன்று இருக்கிறது. அதை விற்கக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.