இரண்டாம் மனுதாரர்

எனக்கு விவாகரத்து ஆனது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும், நெய்வேலியில் நாங்கள் குடியிருந்த பிளாக்கில் ஒரு வீடு விடாமல் எல்லோருக்கும் தெரியும். பாஸ்போர்ட் ஆபீசுக்கு மட்டும்தான் தெரியவில்லை. மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் எனக்கு நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. மகளையும் கூடவே அழைத்துப் போவதாக முடிவு. எட்டாவது படிக்கிற பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்க ஒன்று அப்பா கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் பிள்ளை அம்மாவிடம்தான் இருக்கும் என்று சொல்கிற கோர்ட் உத்தரவைக் காட்ட வேண்டும். கவுண்டரில் இருந்த பெண் கனிவாகத்தான் சொன்னாள். "ஜெராக்ஸ் வேண்டாம் மேடம், சீல் வச்ச நகலா கொண்டாங்க." என்னிடம் ஜெராக்ஸே இல்லை.

தீர்ப்பு வந்த அன்று எங்கள் வக்கீல், "நகல் எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாம்மா, அது எங்க போகப் போவுது" என்றார். இப்போது வக்கீலே போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றைக்கு எனக்கும் காகிதத்துக்காகக் காத்திருக்கிற நிதானம் இல்லை. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு திருச்சி பஸ்ஸில் ஏறியவள்தான். பிறகு அந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

'அவர்' என்று மரியாதையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. அவன் என்றே இருக்கட்டும்.

அன்று கோர்ட் வராந்தாவில் அவன் என் பக்கம் குனிந்து ஒன்று சொன்னான். "புள்ளயத் தூக்கிக்கினு எங்க போனாலும் எனக்குத் தெரியும்." கத்திச் சொல்லியிருந்தால் நாலு பேர் காதில் விழுந்திருக்கும். அவன் எப்போதுமே மெதுவாகத்தான் பேசுவான். மஸ்கட் விஷயம் அவனுக்குத் தெரிந்தால் ஒரே ஒரு மனு போதும், என் பிள்ளையை விமானம் ஏற விடாமல் நிறுத்திவிடுவான். பிள்ளை மேல் பாசத்தில் இல்லை, என் மேல் இருக்கிற வன்மத்தில். ஆகவே அந்தக் காகிதம் அவனுக்குத் தெரியாமல் வெளியே வந்தாக வேண்டும். அது கிடப்பதோ அவன் வேலை பார்க்கிற ஊரில்.

பழைய பிளாக்கில் பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தியிடம் மட்டும் என் நம்பர் உண்டு. அவள் வீட்டுக்காரருக்கும் அவன் வேலை பார்க்கிற அதே நிலக்கரி மைன்ஸில்தான் வேலை. "இந்த வாரம் அவன் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுடி. விடியறதுக்கு முன்னாடியே பஸ் ஏறிடுவான். ரெண்டு மணி வரைக்கும் மேல வர மாட்டான். அதுக்குள்ள வந்துட்டுப் போயிடு" என்றாள். நெய்வேலியில் ஒரு ஆள் எந்த நேரத்தில் எங்கே இருப்பான் என்பதை ஜோசியர் சொல்ல வேண்டாம், ஷிஃப்ட் சொல்லிவிடும்.

முதல் தடவை போனபோது நெய்வேலி ஆர்ச் கேட் ஸ்டாப்பில் இறங்கி முகத்தைச் சுற்றித் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டேன். ஊரில் பாதிப் பெண்கள் வெயிலுக்கு அப்படித்தான் கட்டுகிறார்கள், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனாலும் சீருடை போட்ட ஒவ்வொரு ஆளும் அவனாகவே தெரிந்தான். டீக்கடையில் முதுகு காட்டி நின்ற ஒருவரைப் பார்த்து ஷேர் ஆட்டோவுக்குள் குனிந்துகொண்டேன். அவர் திரும்பினார். நரைத்த மீசையோடு ஒரு பெரியவர். எனக்கே சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

கோர்ட்டில் ஒரு வக்கீலைப் பிடித்தேன். அவருடைய குமாஸ்தாதான் எல்லாம் செய்தார். கேஸ் நம்பர் தெரியாது, வருஷம் மட்டும் தெரியும், ஐப்பசி மழையில் தீர்ப்பானது என்று ஞாபகம். "அது போதும், ரிஜிஸ்டர்ல தேடிடலாம். உங்க வீட்டுக்காரர் பேரு?" என்றார். நான் சுற்றிலும் பார்த்தேன். வராந்தா நிறைய ஆட்கள். அவர் பேனாவை நீட்டி, துண்டுத்தாளைக் கொடுத்துவிட்டுச் சிரித்தார். "விவாகரத்தே ஆகிப்போச்சு, இன்னுமா வீட்டுக்காரர் பேரை வாயால சொல்ல மாட்டீங்க?" பதிவிரதை என்று நினைத்துவிட்டார் போல. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. ஆனால் பயத்தை விளக்குவதைவிட, பதிவிரதையாக இருந்துவிட்டுப் போவது சுலபம். எழுதிக் கொடுத்தேன்.

மத்தியானத்துக்கு முன்பே நம்பரைக் கண்டுபிடித்துவிட்டார். முதல் மனுதாரர் அவன். இரண்டாம் மனுதாரர் நான். கல்யாணப் பத்திரிகையிலும் அதே வரிசைதான். நகல் மனுவில் என் இப்போதைய முகவரியைக் கேட்ட இடத்தில் பேனா நின்றுவிட்டது. குமாஸ்தா என் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். "வக்கீல் மூலமாப் போடறோம், வக்கீல் முகவரி போதும்மா" என்று அவரே நிரப்பினார். நகல் தயாரானதும் போன் செய்வதாகச் சொன்னார்.

போன் வந்தது. மறுபடி அவன் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வரும் வாரம் வரைக்கும் காத்திருந்துதான் கிளம்பினேன். முந்தின ராத்திரி மகள், "உனக்கு ஜுரமாம்மா, கை இப்படிச் சுடுது?" என்றாள். வெயில் என்று சொன்னேன்.

அன்று விருத்தாசலத்தில் பஸ் ரிப்பேராகி நின்று போய், நான் கோர்ட்டுக்குள் நுழையும்போதே உச்சி வெயில். நகல் பிரிவு வாசலில் உட்காரச் சொன்னார்கள். என்னோடு இன்னும் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சின் கோடியில் வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர். அவர் பக்கத்தில் முப்பதை ஒட்டிய ஒரு பெண். அவள் மடியில் சாப்பாட்டுக் கூடை. அப்பாவும் மகளும் என்பது மூக்கைப் பார்த்தாலே தெரிந்தது. சுவர்க் கடிகாரத்தில் ஒரு மணி தாண்டியிருந்தது. என் கண் அதைவிட்டு நகரவே இல்லை.

உள்ளே இருந்து ஊழியர் வெளியே எட்டிப் பார்த்து உரக்கப் படித்தார். அவன் பெயர், அடுத்து என் பெயர். "மியூச்சுவல் ஓ.பி., விவாகரத்து கேஸ் நகல் யாரு?" ஒருவரும் திரும்பவில்லை, அந்த அப்பாவும் மகளும் தவிர.

கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். சீல், கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தது. படியிறங்கக் கால் வைத்தபோது அந்தப் பெரியவர் குறுக்கே வந்து நின்றார்.

"அம்மா, கோச்சிக்காதீங்க. அவங்க படிச்சாங்களே ஒரு பேரு, மைன்ஸ்ல வேல செய்றவருதானே? நீங்கதானா அவரோட பழைய சம்சாரம்?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். தலை ஆமாம் என்று ஆடிவிட்டது.

"நாங்க குறிஞ்சிப்பாடிங்க. எம் பொண்ணுக்கு அவரப் பேசிகினு இருக்கோம். வயசும் ஆயிடுச்சு, ஜாதகத்துலயும் கோளாறு. இவரு பர்மனெண்ட் வேல, குவாட்டர்ஸ் வூடு. சொந்தக்காரங்க, எதுக்கும் கோர்ட்டு பேப்பரப் பாத்துட்டு முடிவு பண்ணுன்றாங்க. இங்க வந்து கேட்டா மூணாவது ஆளுக்கு லேசுல தர மாட்டாங்களாம். அவரே ஷிஃப்ட் வுட்டதும் வந்து எடுத்துத் தரேன்னிருக்காரு. ரெண்டு மணிக்கு வுட்டா நேரா இங்க வந்துடுவாரு."

ரெண்டு மணிக்கு. இந்த வாசலுக்கு. மைன்ஸிலிருந்து வீட்டுக்குப் போவான் என்றுதான் நானும் அக்காவும் கணக்குப் போட்டிருந்தோம். கோர்ட்டுக்கு வருவான் என்று எந்த ஷிஃப்ட்டிலும் எழுதியிருக்கவில்லை.

"அதுல இன்னா இருக்குன்னு ஒருவாட்டி பாக்கலாங்களா?" என்று அவர் கேட்டார். நான் கொடுத்தேன். கொடுத்தால் சீக்கிரம் விட்டுவிடுவார் என்ற ஒரே எண்ணம்தான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். மனுதாரர்கள் இருவரும் கருத்து வேறுபாடு காரணமாகப் பிரிந்து வாழ்வதாகவும், பரஸ்பரம் சம்மதித்து மணமுறிவு கோருவதாகவும், ஒருவர் மீது ஒருவருக்கு எந்தக் குற்றச்சாட்டும் இல்லை என்றும், பிள்ளை இரண்டாம் மனுதாரரிடம் இருக்கும் என்றும் எழுதியிருந்தது. அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. மகள் பக்கம் திரும்பி, "பாத்தியாம்மா, அவரு சொன்னதுதான் இருக்கு. தப்பா ஒண்ணுங் கெடையாது. மனசு ஒத்துப்போவல, பிரிஞ்சிகினாங்க" என்றார்.

அந்தப் பெண் தலையாட்டினாள். சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை.

எந்தக் குற்றச்சாட்டும் இல்லை என்ற அந்த வரிக்குக் கீழேதான் நான் கையெழுத்துப் போட்டேன். அடித்தான் என்று எழுதினால் சாட்சி வேண்டும், வருஷக்கணக்கில் இழுக்கும், அதுவரைக்கும் எங்கே இருப்பாய் என்று வக்கீல் கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். அந்த வரியால்தான் நானும் என் பிள்ளையும் முழுசாக வெளியே வந்தோம். அதில் எனக்கு இன்றும் வெட்கம் கிடையாது. ஆனால் என்னைக் காப்பாற்றிய அதே வரி, இப்போது அவனுக்கு நன்னடத்தைச் சான்றிதழாக அந்தப் பெரியவர் கையில் இருந்தது. சீலோடு.

காகிதத்தை வாங்கிக்கொண்டு போய்விடலாம். வெளியே ஆட்டோக்கள் நிற்கின்றன. சொன்னால் இவர்கள் அவனிடம் சொல்வார்கள், நான் இங்கே வந்ததும் எதற்கு வந்தேன் என்பதும் அவனுக்குத் தெரிந்துவிடும். பிள்ளையின் பாஸ்போர்ட் அதோடு முடிந்தது. நான் மனதுக்குள் என்னையே திட்டிக்கொண்டேன். போடி, போய்த் தொலை, ஊர்க் கல்யாணத்துக்கு நீயா பொறுப்பு என்று. கால் நகரவில்லை. அந்தப் பெண் கூடையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். மாப்பிள்ளை வரப்போகிறாரல்லவா.

"அதுல எழுதியிருக்கறது நெசமில்லை" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவது போல இருந்தது. "அவன் அடிப்பான். நைட் ஷிஃப்ட் வாரத்துல பகல்ல தூங்குவான். வீட்டுல கரண்டி விழுந்தாலும் அடிதான், கொழந்த இருமினாலும் அடிதான். அந்த வாரம் பூரா கொழந்தையத் தூக்கிக்கிட்டு பார்க்ல மரத்தடியில உக்காந்திருப்பேன், அவன் எழுந்திருக்கற வரைக்கும். எனக்கு இடது காது கேக்காது. பொறந்ததிலிருந்து அப்படி இல்லை."

பெரியவருக்குக் கோபம் வந்தது. என் மேலா, அவன் மேலா, தன் மேலா என்று அவருக்கே தெரிந்திருக்காது. "அப்ப ஏம்மா இதுல எழுதல? கோர்ட்டுல ஏன் சொல்லல?"

"பயம்" என்றேன். அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை.

"இது பெரிய விஷயம்மா. ஒருத்தர் பேச்ச மட்டும் கேட்டுகினு முடிவு பண்ண முடியாது. இரு, அவருகிட்டயே நேரா கேட்டுடறேன்." சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். நல்ல மனுஷன். நியாயமான மனுஷன். ரெண்டு பக்கமும் விசாரிக்கிற பஞ்சாயத்துக்காரர். "இந்த மாதிரி உங்க பழைய சம்சாரம் இங்க நிக்கிது, இன்னாமோ சொல்லுது, நெசமாங்கன்னு கேக்கறேன். கேட்டா இன்னா தப்பு?"

"ஐயா வேணாம்" என்றேன். கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் அதற்குள் அழுத்திவிட்டார். ரிங் போகிற சத்தம் எனக்கும் கேட்டது. என் மகளின் முகம் கண்ணுக்குள் வந்தது. செத்துவிடலாம் போல இருந்தது, மிகைப்படுத்தவில்லை.

அந்தப் பெண் அப்பாவின் கையிலிருந்து போனைப் பிடுங்கி நிறுத்தினாள்.

"கேட்டா ஆமான்னா சொல்லப் போறாரு?" என்றாள். அவள் பேசி அப்போதுதான் கேட்டேன். "இந்த அக்கா இப்படி நடுங்கிகினு சொல்லுது. இதுக்கு மேல இன்னா பேப்பரு வேணும் உனக்கு? எனக்கு இது போதும்பா. வா, வூட்டுக்குப் போலாம்."

நான் அழுதுவிட்டேன். அத்தனை வருஷத்தில் என் பேச்சை மட்டும் வைத்து நம்பியது அவள் ஒருத்திதான். என் அம்மாகூட, "நீ என்னடி செஞ்சே, அவரு சும்மாவா அடிப்பாரு" என்று கேட்டவள்.

போன் அடித்தது. அவன்தான் திரும்பக் கூப்பிட்டான். திரையில் அவன் பெயருக்கு முன்னால் 'மாப்பிள்ளை' என்று இருந்தது. ரெண்டு அடித்துச் சில நிமிஷங்கள் ஆகியிருந்தன, ஷிஃப்ட் பஸ்ஸில் ஏறியிருப்பான். அவள் என்னைப் பார்த்து, போங்க என்று கையைக் காட்டினாள். நான் காகிதத்தை வாங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டு படியிறங்கினேன். பின்னால் அவள் குரல் கேட்டது.

"ஒண்ணுமில்லைங்க, நீங்க வர வாணாம்னு சொல்லத்தான் பண்ணாரு. அப்பாவுக்கு ஒடம்பு முடியல, நாங்க கெளம்பறோம்."

அவன் என்ன கேட்டிருப்பான் என்று எனக்குத் தெரியும். மெதுவாகத்தான் கேட்டிருப்பான்.

"இல்லைங்க. எங்ககூட யாரும் இல்ல. நானும் அப்பாவுந்தான்."

கேட் வரைக்கும் நடந்தேன். அதற்கப்புறம் ஓடினேன்.