நீல மூடி டப்பா

“சாமியே சரணம்” என்று மெல்லச் சொல்லிவிட்டு டிரைவர் அண்ணன் அந்த நட்சத்திர பிஸ்கட்டைக் கடித்தபோது, கணினியில் நான் அடித்துக்கொண்டிருந்த கடிதத்தில் ஒரே எழுத்து ஒரு வரி முழுக்க ஓடியிருந்தது. பிஸ்கட்டின் ஓரத்தில் சிவப்பு ஐசிங்கால் ஒரு மெல்லிய கோடு. அவர் கடித்த இடத்தில் அது சடக்கென்று உடைந்தது. உடைந்திருக்கக் கூடாது. பாலில் குழைத்த ஐசிங் உடையாது, நாக்கில் மாவாகக் கரையும். உடைவது முட்டையின் வெள்ளைக்கருவில் குழைத்தது. அவர் கழுத்தில் இருந்ததோ கார்த்திகை முதல் தேதி ஐயப்பனுக்குப் போட்ட மாலை. அந்தக் கோட்டில் முட்டை இருக்கிறது என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் வேலையில் சேர்ந்து அப்போது ஏழு மாதம். ராசிபுரத்துப் பக்கத்திலிருந்து செம்மேட்டில் ஓர் அலுவலகத்துக்கு இளநிலை உதவியாளராக வந்திருந்தேன். கொல்லிமலைக்கு வேலை போட்டால் அழுதுகொண்டே வருவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். நான் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டு வந்ததில் அழ நேரமில்லை. குடியிருப்பில் எனக்கு அடுத்த வீடு எங்கள் கண்காணிப்பாளருடையது. அவரை எல்லோரும் சூப்பிரண்டம்மா என்போம். நாகர்கோவில்காரர், கணவரை இழந்தவர், ஒரே மகன் வெளிநாட்டில். மடியில் வைத்தே ஓர் ஓவனை மலையேற்றிக் கொண்டுவந்தவர். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அந்த ஓவனில் நட்சத்திரம், மணி, மரம் என்று சர்க்கரை பிஸ்கட் சுட்டு, மேலே ஐசிங் போட்டு, அலுவலகம் முழுக்கக் கொடுப்பார். மலையின் மின்சாரம் நடுநடுவே மங்கும். அப்போதெல்லாம் அவர் ஓவன் கண்ணாடிக்கு முன்னால் குனிந்து நின்று, “போயிராத, போயிராத” என்று மின்சாரத்திடம் கெஞ்சுவார்.

கிறிஸ்துமஸ் மார்கழியில் வருகிறது. மார்கழியில் அலுவலகத்தில் யாராவது மாலை போட்டிருப்பார்கள். அவர்களை விட்டுவிட்டு மற்றவர்களுக்கு மட்டும் கொடுக்க அவருக்கு மனம் வராது. அதனால் மாவை இரண்டாகப் பிசைவார். முட்டை போடாத மாவுக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, தனிப் பூரிக்கட்டை. அதற்கான ஐசிங்கும் வெறும் பாலும் சர்க்கரைப் பொடியும்தான். முட்டை போட்டவை சிவப்பு மூடி டப்பாவுக்கும் போடாதவை நீல மூடி டப்பாவுக்கும் போகும். நீல டப்பா வேலையை எப்போதும் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார். “நம்மள நம்பி வாயில வைக்காங்க மக்களே, விளையாட்டில்ல” என்று எனக்கு முதல் நாளே சொல்லியிருந்தார்.

அந்த வருஷம் மாலை போட்டிருந்தவர் டிரைவர் அண்ணன் ஒருவர்தான். மலையிலேயே வாழவந்தி நாட்டுக்காரர், எங்கள் ஜீப்பை ஓட்டுபவர். மாலை போட்ட நாளிலிருந்து அலுவலகமே அவரைச் சாமி என்றுதான் கூப்பிட்டது. வெளியில் ஒரு டீகூடக் குடிக்கமாட்டார். சூப்பிரண்டம்மா கொடுப்பதை மட்டும் மறுக்கமாட்டார். அவருக்கு ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை, இதயத்தில் ஓட்டை. பொங்கல் கழிந்து சேலத்தில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். அதற்குள் சபரிமலைக்குப் போய் ஐயப்பனைப் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும் என்பதுதான் வேண்டுதல். எனக்குத்தான் படம் வரையும் கை என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். “ஏனுங்க அம்மிணி, எம் பாப்பாளுக்கு ஒரு ஸ்டாரு நல்லா பளிச்சுன்னு போட்டுக் குடுங்க” என்று கேட்டுக்கொண்டார். அந்த ஸ்டாரைப் பளிச்சென்று போட்டுத்தான் நான் கெட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே மூடுபனி. ஜன்னலைச் சாத்தினாலும் இடுக்கு வழியாக உள்ளே வந்தது. வெள்ளைக்கரு ஐசிங் அதற்கெல்லாம் அசைந்து கொடுக்கவில்லை, அரைமணி நேரத்தில் கல்லாக இறுகியது. பால் ஐசிங் மட்டும் காயவே இல்லை. நட்சத்திரத்தின் ஐந்து முனையிலும் வியர்த்து வழிந்து, சிவப்பும் வெள்ளையும் கலந்து, நனைந்த அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. மேசை விசிறியை வைத்துப் பார்த்தேன். விசிறி இன்னும் கொஞ்சம் பனியைத்தான் கொண்டுவந்து சேர்த்தது. கேரல் பாட்டு ஒத்திகைக்காக சூப்பிரண்டம்மா போயிருந்தார். திரும்பி வந்து என் நட்சத்திரங்களைப் பார்த்து முகம் சுளிப்பாரே என்று ஒரு கவலை, பாப்பாவுக்கு இதைக் கொடுப்பதா என்று இன்னொரு கவலை. பக்கத்தில் பால் பாக்கெட் உறையைச் சுருட்டிச் செய்த கூம்பில் சிவப்பு வெள்ளைக்கரு ஐசிங் மிச்சம் இருந்தது. வழிந்ததைத் துடைத்துவிட்டு, அந்தக் கூம்பால் ஓரங்களில் மட்டும் ஒரு கோடு இழுத்தேன். மெல்லிய கோடு, ஒரு கோட்டில் எவ்வளவு முட்டை இருந்துவிடப்போகிறது என்று நினைத்தேன். ஒன்று அழகாக வந்ததும் கை நிற்கவில்லை. நீல டப்பாவின் பன்னிரண்டு நட்சத்திரத்துக்கும் போட்டுவிட்டேன். சூப்பிரண்டம்மா வந்து பார்த்து, “இந்தப் பனியில எப்படிக் காயவச்ச மக்களே?” என்று அதிசயப்பட்டார். நான் அசடு வழியச் சிரித்தேன்.

மறுநாள் அலுவலகத்தில் அவரே நீல டப்பாவைத் திறந்து, “சாமி, இதுல முட்டை கிடையாது, பயப்படாம சாப்பிடுங்க” என்று நீட்டினார். சொல்லிவிட வாய் வரைக்கும் வந்தது. சுற்றி எட்டுப் பேர் நின்றார்கள். இப்போது சொல்லலாம், அவர் கையை நீட்டுவதற்குள் சொல்லலாம், எடுத்தபின்கூடச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போய், கோடு சடக்கென்று உடைந்தபின் சொல்ல எதுவும் மிச்சமில்லாமல் போயிற்று. இன்னொரு நட்சத்திரத்தைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “பாப்பா பாத்தா குதிப்பாளுங்க” என்றார். விரதத்தில் எனக்கு எவ்வளவு நம்பிக்கை என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. அன்றைக்கு முழுக்க அந்தக் குழந்தையின் நெஞ்சைத் தவிர வேறெதையும் யோசிக்க முடியவில்லை. ஆபரேஷனில் ஏதாவது ஆகிவிட்டால் அது என்னால்தான் என்று தோன்றியது. இல்லை என்று எனக்கு நானே சொல்லிப்பார்த்தும் அந்த எண்ணம் போகவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று சூப்பிரண்டம்மா வீட்டில் எனக்குச் சாப்பாடு. சர்ச்சிலிருந்து புதுப்புடவையோடு வந்து, இலை போட்டு, பிரியாணி பரிமாறி, எதிரில் உட்கார்ந்தார். நான் ஒரு வாய்கூட இறங்காமல் அழுதேன். வீட்டு ஞாபகம் என்று நினைத்து முதலில் சமாதானம் சொன்னார். விஷயத்தைச் சொன்னேன். “எத்தன ஸ்டாரு?” என்றார். “எல்லாத்துலயும்.” கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். குடையை எடுத்தார். “தெரிஞ்ச பொறவு அந்த மனுஷன இருமுடி கட்ட விட முடியுமா? வா. நீ அங்க ஒண்ணும் பேசாண்டாம்.” சாப்பாடு இலையில் அப்படியே இருந்தது.

வாழவந்தி நாட்டுக்கு பஸ்ஸில் போனோம். எங்களைப் பார்த்ததும் டிரைவர் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. “பண்டிகை நாளும் அதுவுமா எங்கூட்டுக்கு வந்திருக்கறீங்களே, உள்ள வாங்க உள்ள வாங்க” என்று பாயை விரித்தார். உள்ளே சுவரில் ஐயப்பன் படம். படத்துக்கு முன்னால், விளக்கை ஒட்டி, ஒரு வெற்றிலையின்மேல் நான் கோடு போட்ட நட்சத்திரம். பாப்பா தான் தின்னாமல் சாமிக்கு வைத்துவிட்டாளாம். சூப்பிரண்டம்மா அதைப் பார்த்தார். பாயில் உட்காரவில்லை. “சாமி, நான் குடுத்த பிஸ்கட்ல முட்டை சேந்துபோச்சு. ஐசிங்க மாத்திப் போட்டுட்டேன். என் கைத்தப்புதான். மன்னிச்சிருங்க” என்று கும்பிட்டார். அவர் பின்னால், புடவைத் தலைப்பின் மறைவில், நான் நின்றுகொண்டிருந்தேன். டிரைவர் அண்ணன் படத்துக்கு முன்னால் இருந்ததை வெற்றிலையோடு எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனார். திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.

குருசாமி அவரை மறுபடி முதல் நாளிலிருந்து விரதத்தை எண்ணச் சொல்லிவிட்டார். அவர் குழுவினர் இருமுடி கட்டிக் கிளம்பியபோது அவர் போகவில்லை. ஆபரேஷன் தேதி வந்தது. வேண்டுதல் முடியாமலே, மாலையோடு, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றார். அன்று அலுவலகத்தில் நானும் சூப்பிரண்டம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தோம். போன் அடிக்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் வந்தது. சாயங்காலம்தான் தகவல் வந்தது, பாப்பா நன்றாக இருக்கிறாள். சூப்பிரண்டம்மா கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். டிரைவர் அண்ணன் மாசி மாதம் நடை திறந்தபோது போய்விட்டு வந்தார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். ஆனால் அதற்குப் பிறகு அவர் சூப்பிரண்டம்மா கையால் ஒரு டம்ளர் காப்பிகூட வாங்கவில்லை. மரியாதை குறையவில்லை. “இப்பத்தானுங்கம்மா சாப்பிட்டேன், வேண்டாங்க” என்பார், அவ்வளவுதான். வேண்டுமென்றே கொடுத்திருப்பார்கள் என்று ஒருவர் வாயைத் திறந்தபோது அவரை அதட்டியதும் டிரைவர் அண்ணன்தான். ஆனாலும் வாங்கவில்லை. அடுத்த மூன்று டிசம்பரும் நீல டப்பா நிறைந்தபடியே வீட்டுக்குத் திரும்பியது. சொல்லிவிடுகிறேன் என்று நான் சூப்பிரண்டம்மாவிடம் ஒவ்வொரு முறையும் சொன்னேன். “நான் ரிட்டயர் ஆயி ஊருக்குப் போயிருவேன். நீ இன்னும் முப்பது வருஷம் அவருக்க ஜீப்ல போகணும். சும்மா இரி” என்று தடுத்துவிடுவார். அவர் தடுப்பார் என்று தெரிந்துதான் நான் சொன்னேன். இதை எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது.

ஓய்வு பெற்றுப் போகும்போது ஓவனை என்னிடம் விட்டுப் போனார். மலைக்கு வர வேறு யாரும் விரும்பாததால் என்னையும் மாற்றவில்லை. இங்கேயே கல்யாணம், இங்கேயே பதவி உயர்வு. அவர் செய்தபடியே டிசம்பர்தோறும் நானும் இரண்டு மாவு பிசைகிறேன். பால் ஐசிங் வழிந்தால் வழியட்டும் என்று விட்டுவிடுவேன். பாப்பா இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. நாகர்கோவிலிலிருந்து கிறிஸ்துமஸுக்குப் போன் வரும், பேச்சு முடியும்போது, “டிரைவர் தம்பி சொகமா?” என்று மறக்காமல் கேட்பார். சொகம் என்பேன்.

போன டிசம்பரில் டிரைவர் அண்ணன் மறுபடி மாலை போட்டிருந்தார். ஓர் ஆய்வை முடித்துவிட்டு ஜீப்பில் திரும்பும்போது டப்பாவை நீட்டினேன். வழிந்துபோன நட்சத்திரம் ஒன்றை எடுத்துத் தின்றுகொண்டே, “உங்க கையில கண்ண மூடிக்கிட்டு வாங்கித் திங்கலாமுங்க அம்மிணி. அந்தம்மா நல்லவங்கதான், ஆனா கவனம் பத்தாது” என்றார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் அதை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். இந்த மனிதரோடு இன்னும் பத்து டிசம்பர் இப்படியே போய்விடலாம், ஒன்றும் ஆகாது என்றும் தெரிந்தது. “சாமி, அன்னிக்கு முட்டை ஐசிங் போட்டது நானுங்க. அம்மாவுக்குக் கிறிஸ்துமஸ் அன்னிக்கு நான் சொல்ற வரைக்கும் தெரியவே தெரியாது” என்று சொல்லிவிட்டேன்.

ஜீப்பை ஓரம் கட்டினார். இன்ஜினை அணைத்தார். “எங்கூட்டுக்கு வந்தப்ப நீங்களும் பக்கத்துலதானுங்க நின்னீங்க” என்றார். ஆமாம் என்றேன். “அந்தம்மா நம்பரப் போட்டுக் குடுங்க” என்றார். இரண்டு முறை தப்பாக அழுத்தினேன். போனை வாங்கிக்கொண்டு இறங்கி, சாலையோரத் தடுப்புச் சுவர் வரைக்கும் நடந்து போனார். பேசியது எதுவும் என் காதில் விழவில்லை. அவர் முதுகு மட்டும் தெரிந்தது. நடுவில் ஒருமுறை தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்து, மடியில் கையைக் கோத்துக்கொண்டு, நான் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்து போனைக் கொடுத்தார். வண்டியை எடுத்தார். இரண்டு வளைவு தாண்டியபின், என் பக்கம் திரும்பாமலே சொன்னார். “உங்களத் திட்டக்கூடாதுன்னு அம்மா எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாங்க. அதனாலதானுங்க திட்டல.”