வாய் வைத்த கூஜா

1. பிமல் விழுந்தது

பிமல் மைதானத்து ஓரத்தில் விழுந்தபோது என் கூஜா நிறையத் தண்ணீர் இருந்தது. தண்ணீர் கிடைக்காமல் விழுந்திருந்தால் நியாயம். குடித்து விழுந்தான். கொடுத்தவன் நான்.

கல்கத்தாவில் ஒரு சணல் கம்பெனியில் நான் டெஸ்பாட்ச் கிளார்க். கம்பெனிக்கு ஃபுட்பால் டீம் உண்டு. பந்தை உதைக்கத் தெரியாத மதராஸி என்பதால் டீமின் சாமான்களைக் கவனிக்கும் உத்தியோகமும் என் தலையில் விழுந்தது. பிமல் இருபது வயது வங்காளிப் பையன். வெறுங்காலில் ஆடும் ஃபார்வர்டு. ஆட்டத்துக்காகவே தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். அன்றைய மேட்சில் கடைசி வரை ஓடினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீடு என்று கம்பெனியின் வெள்ளைக்காரத் துரை சொல்லிவிட்டார்.

துரைக்கு ஒரு சித்தாந்தம். இங்கிலீஷிலும் வங்காளியிலும் நடந்த பேச்சை நம் வாய்க்குத் தக்கபடி எழுதுகிறேன்.

"ஹாஃப் டைம்ல ஆளுக்கு ஒரு எலுமிச்சைத் துண்டு. அதுக்கு மேல ஒரு சொட்டு கிடையாது. தண்ணி குடிச்சா கால் கனக்கும், பாபு. காஞ்ச குதிரைதான் ஓடும்."

சொல்லும்போது அவர் கையில் மூன்றாவது சோடா. காய்ந்த மாடு கம்பங்கொல்லையில் விழும் என்று நமக்குத் தெரியும். காய்ந்த குதிரை ஓடும் என்பது அவர் சொல்லித்தான் தெரிந்தது.

2. என் சித்தாந்தம்

மழைக்கு முந்தின புழுக்கம். ஹாஃப் டைமில் பிமலின் உதடு வெடித்திருந்தது. கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடித்தது. உப்பும் எலுமிச்சையும் போட்ட தண்ணீரை வீட்டிலிருந்து கொண்டுவந்து ஒரு சாக்குக்குள் ஒளித்து வைத்திருந்தேன். துரை சோடாப் பக்கம் திரும்பியதும் எடுத்தேன். அங்கேதான் என் சித்தாந்தம் குறுக்கே வந்தது.

"அண்ணாந்து குடிடா. வாய் வெச்சா எச்சில்."

"மூச்சு வாங்குது, ஐயர் மோஷாய்..." மோஷாய் என்றால் வங்காளியில் ஐயா.

"மூச்சு உன்னோடது, கூஜா என்னோடது. தலையைத் தூக்கு."

ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றினேன். நாம் பிறந்ததிலிருந்து அப்படிக் குடிப்பவர்கள். அவனுக்குப் பழக்கமில்லை, அதிலும் இரைக்க இரைக்க. புரையேறி, கண் பிதுங்கி, மண்டியிட்டு விழுந்தான்.

துரை ஓடி வந்தார். "பாத்தியா? தண்ணி குடுத்தே, விழுந்துட்டான்!"

ஒரு முட்டாளின் சித்தாந்தத்துக்கு இன்னொரு முட்டாள் சாட்சி ஆகியிருந்தான்.

பிமல் இருமி முடித்து எழுந்தான். "வேலை போச்சு, மோஷாய்" என்றான். குரலில் கோபமே இல்லை. அதுதான் சுட்டது.

3. இரண்டாம் பாதி

மாற்றாள் இல்லாததால் பிமலே மறுபடி இறங்கினான். ஒரு தரம் பந்து வேடிக்கை பார்க்கும் கூட்டத்துக்குள் போய்விட்டது. துரை மைதானத்தின் எதிர்ப்பக்கம் இருந்தார். பிமல் என் அருகே வந்து நின்றான். அவன் மூச்சு அடங்கும்வரை பொறுத்து, கூஜாவை அவன் கையிலேயே கொடுத்தேன்.

"வாய் வெச்சே குடி. மெதுவா."

"எச்சிலாயிடுமே?"

"ஆகட்டும்டா, குடி!"

நாலு மடக்கு. பந்து வெளியே போகும்போதெல்லாம் நாலு மடக்கு. பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராய் வந்தார்கள். மேட்சில் தோற்றோம், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கடைசி விசிலின்போது எதிர் டீம் நொண்டிக்கொண்டிருந்தது, பிமல் ஓடிக்கொண்டிருந்தான். வேலை நிரந்தரமாயிற்று. எல்லாம் எலுமிச்சைத் துண்டின் மகிமை என்றார் துரை.

பாலிகஞ்ச் வீட்டில் வேறு தீர்ப்பு. "பதினோரு பேர் வாய் வெச்ச கூஜாவா? அடுக்களைப் பக்கமே கொண்டு வராதேங்கோ!" என்றாள் என் மனைவி. இப்படித்தான் எங்கள் டீமுக்குச் சொந்தமாக ஒரு கூஜா வந்தது.

தண்ணீர் பார்க்கும் வேலை உங்களுக்கு வாய்த்தால், தாகம் எடுத்தபின் கிணறு வெட்டாதீர்கள். ஆட இறங்குமுன்பே கொடுங்கள், நடுவில் கொஞ்சம் கொஞ்சமாய்க் கொடுங்கள், இரைக்கும்போது ஊற்றாதீர்கள். தவித்த வாய்க்குத் தண்ணீர் என்றுதான் பெரியவர்கள் சொன்னார்கள். வாய்க்கு ஒரு சாண் மேலே என்று சொல்லவில்லை.