ஒரு கண் மூடிய கரடி

குழந்தைகள் அவரைக் கரடி மாமா என்று கூப்பிட்டார்கள். ஆள் என்னவோ ஒல்லி. விலங்குக் கதைப் புத்தகங்களுக்குப் படம் போடுவது அவர் தொழில். அவர் வரைந்த முயலும் நரியும் சட்டை போட்டுக்கொண்டு கடைக்குப் போகும். ஆனால் கரடி வந்துவிட்டால் மற்றதெல்லாம் ஓரம்தான்.

பள்ளிக்கூடங்களில் அவர் ஒரு வித்தை காட்டுவாராம். மேசைக்கு எதிரே ஒரு குழந்தையை உட்கார வைத்துத் தலைகீழாக வரைவார். எதிரே இருக்கும் குழந்தைக்குப் படம் நேராகத் தெரியும். கடைசியில், “கண்ணு எப்படி வைக்கட்டும்?” என்று கேட்பார். அழுகிற கண், முறைக்கிற கண், குழந்தை எதைச் சொல்கிறதோ அதுதான். மாற்றவே மாட்டார். அதுதான் ஆட்டம்.

பக்கவாதம் வந்தபிறகு அவரைப் பார்த்துக்கொள்ளும் செவிலியாக நான் போனேன். இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அதைவிடப் பெரிய கோளாறு, இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர் மூளைக்குத் தெரியவில்லை. கண்ணில் குறையில்லை, மூளை அந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. தட்டில் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு, “பெத்த அப்பனுக்கே அரை வயிறா? கஞ்சப் பிசினாறி!” என்று மகளைத் திட்டுவார். நான் தட்டைத் திருப்பி வைப்பேன். மீதியையும் சாப்பிட்டுவிட்டு, “இந்த அம்மா கைதான் தாராளம்” என்பார். மகள் என்னை முறைப்பாள்.

அவருடைய கடைசிப் புத்தகத்தில் ஒரே ஒரு படம் பாக்கி இருந்தது. காய்ச்சலில் கிடக்கும் கரடியைச் சுற்றிக் காட்டு விலங்குகள் உட்கார்ந்திருக்கின்றன, கரடி கண் திறக்கிறது, கதை முடிகிறது. அவரால் முடியாவிட்டால் வேறு ஆளை வைத்து வரைந்துகொள்வதாகப் பதிப்பகத்தில் சொல்லிவிட்டார்கள். அது அவர் காதிலும் விழுந்தது.

“என் கரடிமேல வேற ஒருத்தன் கை வைக்கறதா? தாளை எடு” என்றார்.

படுக்கைக்குக் குறுக்கே பலகையைப் போட்டுக் கொடுத்தோம். வரைந்தார். அரை ஆடு, அரை அணில், அரைக் கரடி. ஒவ்வொரு முகமும் மூக்கோடு கத்தியால் வெட்டினதுபோல் நின்றது. “முடிஞ்சுது, அனுப்பு” என்றார்.

மகள் சமையலறையில் நின்று அழுதாள். “இதை எப்படிக்கா அனுப்பறது?”

“அழுதா மீதி வந்துடுமா? தட்டைத் திருப்பற மாதிரி தாளைத் திருப்பிப் பார்க்கலாம், வா.”

திருப்பி வைத்தேன். வெற்றிடம் இப்போது அவருக்கு வலப்பக்கம் வந்துவிட்டது. சற்று நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, “ஓ, வந்து உக்காந்தாச்சா?” என்று கேட்டார்.

கால்மாட்டில் ஒரு மர நாற்காலி கிடந்தது. காலியாக. நான் தலையணைப் பக்கம் நின்றிருந்தேன்.

தலைகீழாக வரைய ஆரம்பித்தார். பேச்சும் ஆரம்பித்தது. “ஆடாம உக்காரு. கொம்பா காதான்னு இப்பவே சொல்லிடாதே.” இப்படிப் பேசுகிறவர்களை எனக்குப் பழக்கம். எதிர்த்துப் பேசக் கூடாது, தூபமும் போடக் கூடாது என்பது பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது. இருந்தாலும் வீட்டில் ஏதாவது குழந்தை தவறியிருக்கிறதா என்று மகளிடம் கேட்டு வைத்தேன்.

“இல்லக்கா. நான் ஒருத்திதான். முழுசா முன்னாடி நிக்கறேனே!”

பிற்பகல்தோறும் விலங்குகள் கொஞ்சம் கொஞ்சமாக முழுமை அடைந்தன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் முன்பு வரைந்த கண் கரடியைப் பார்த்தது. இப்போது வரைந்த கண் தாளைவிட்டு வெளியே பார்த்தது. அறையில் அங்குமிங்கும் நின்று பார்த்தேன். எங்கே நின்றாலும் அது என்னைத் தாண்டித்தான் போயிற்று. கடைசியில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். எல்லாம் என்னைப் பார்த்தன. எழுந்துவிட்டேன்.

கரடியின் இரண்டாவது கண் மட்டும் மிஞ்சியது. தூரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாற்காலியிடம் கேட்டார்: “கண்ணு எப்படி வைக்கட்டும்?”

காத்திருந்தார். தூரிகை காய்ந்தது. நான் நனைத்துக் கொடுத்தேன். திடீரென்று அவர் முகம் சுருங்கியது.

“மூடியா? கதையில அது முழிச்சுக்கணுமே, கண்ணு.” மறுபடி காத்திருந்தார். “சரி. சொன்னா சொன்னதுதான்.”

ஒரே ஒரு வளைந்த கோடு. கரடியின் அந்தக் கண் மூடிக்கொண்டது.

மகள் பதறினாள். “அப்பா, திறந்து வைங்கப்பா. ஒரு பொட்டு வச்சா போதும்.”

“கேட்டுட்டு மாத்தினா கள்ளாட்டம்மா.”

“யாரைக் கேட்டீங்க?”

அவர் தூரிகையைத் துடைத்தார்.

படத்தை வாங்கிப் போகப் பதிப்பகத்துப் பெண் வந்தாள். நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, “அய்யோ சார், கரடி கண்ணடிக்குது! பசங்க விழுந்து விழுந்து சிரிக்கப் போறாங்க!” என்று குதித்தாள். மகளும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வேறு ஆள் கை படாமல் படம் அச்சுக்குப் போயிற்று. பிறகு அவர் தாள் கேட்கவில்லை. புத்தகம் வந்ததும் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார்.

சில நாள் கழித்து, காலையில் வெந்நீர் எடுத்துக்கொண்டு போனேன். நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்க்கும்போதே தெரிந்துவிட்டது. மூச்சில்லை. என் இடப்பக்கம் இருந்த கண் மூடியிருந்தது, மற்றது திறந்திருந்தது. படத்தில் கரடிக்கும் அப்படித்தான்.

வெந்நீரைக் கீழே வைத்தேன். திறந்திருந்த கண்ணை மூடினேன். மூடிக்கொண்டது. தாடையைக் கட்டினேன். மகளைக் கூப்பிட்டேன்.

வந்து பார்த்தாள். அந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்காரப் போனாள்.

“அங்க உக்காராதே. இந்தப் பக்கம் வந்து பிடி. அப்பாவைத் திருப்பணும், என்னால தனியா முடியாது” என்றேன்.

ஒல்லி மனிதர். ஒரு கையால் திருப்பியிருப்பேன்.