கொட்டு இல்லாத போட்டோ

லூயி மாயாண்டி போய்விட்டார்.

மொரீஷியஸில், தன் வீட்டில், தூக்கத்திலேயே. அவருடைய மகள் மெசஞ்சரில் எழுதியிருக்கிறாள். உங்கள் ஊரைப் பற்றி அப்பா ஒருநாளும் குறையாகப் பேசியதில்லை என்று... பெரிய மனசு.

நண்பர்கள் பலருக்கு இந்தப் பெயர் தெரியாது. பாட்டுக்காரர். ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே இருக்கும் அந்தத் தீவுக்குக் கரும்பு வெட்டக் கப்பலேறிய ஒரு மாயாண்டியின் கொள்ளுப்பேரன்.

தீவு தீவாகப் போய், தமிழ் மறந்துபோன தமிழர் வீடுகளில் மிச்சமிருந்த பாட்டுகளைச் சேர்த்து மேடையில் பாடியவர். பாட்டு புறப்பட்ட ஊர்களுக்கே அந்த ஜனங்களைக் கூட்டிப்போக வேண்டும் என்று ஓர் ஆசை...

எழுபதுகளின் கடைசியில் தேனிக்கு வந்தார். நான் அப்போது ஓர் ஏலக்காய்க் கமிஷன் கடையில் இங்கிலீஷ் லெட்டர் எழுதும் குமாஸ்தா. லாட்ஜ் மேனேஜர் அவரைக் கொண்டுவந்து என் மேஜை முன்னால் நிறுத்தினார். "பாக்க நம்ம ஆளு மாதிரி இருக்காக, வாயத் தொறந்தா துரை மாதிரி இருக்கு. நீயே பாத்துக்க."

அவர் வீட்டில் வழிவழியாக வந்த பாட்டு ஒன்று உண்டு. அர்த்தம் யாருக்கும் தெரியாது. சாமி கும்பிடும்போது கைகூப்பிப் பாடுவார்களாம்.

பாடிக் காட்டினார். கமலைப் பாட்டு. கிணற்றில் தண்ணீர் இறைக்கும் ஒருவன் சோம்பேறி மாட்டைத் திட்டுகிறான்... மாட்டின் தாயையும் சேர்த்து.

அர்த்தத்தைச் சொன்னேன். அவர் வருத்தப்படவில்லை. "அப்படியானால் எங்கள் மாயாண்டிக்கு மாடு இருந்திருக்கிறது" என்று சந்தோஷப்பட்டார்.

பாட்டில் கிணற்றின் பெயர் வருகிறது. அதை வைத்துக் கம்பத்துக்குப் பக்கத்தில் ஊரைக் கண்டுபிடித்துவிட்டோம். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே எனக்குச் சம்பந்திகள் இருக்கிறார்கள்.

கிணறு திராட்சைத் தோட்டக்காரர் வேலுச்சாமியுடையது. கோபித்துக்கொண்டு போய்த் திரும்பாத ஒரு மாயாண்டி அவர்கள் வீட்டுக் கதையிலும் இருந்தார். பங்கு கேட்க வந்திருக்கிறாரோ என்று முதலில் வீடே பயந்தது.

நிலமெல்லாம் வேண்டாம், அடுத்த வருஷத் திருவிழாவுக்கு எங்கள் ஜனங்களைக் கூட்டி வருகிறேன், கோயில் முன்னால் ஒரு சாயங்காலம் பாடி ஆட விடுங்கள், அது போதும் என்றார் லூயி. நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் பங்காளிப் பாசம் பொங்கிவிட்டது. ஆரத்தி, மாலை, கோழி.

மறுநாள் சாயங்காலம் வேலுச்சாமி வீட்டு முற்றத்தில் பெரியவர்கள் கூடினார்கள். லூயி பையிலிருந்து தன் வாத்தியத்தை எடுத்தார். ரவான் என்று பெயர். சுளகு அகலத்தில் ஒரு வட்ட மரச்சட்டம், ஒரு பக்கம் ஆட்டுத்தோல்.

கொஞ்சம் நெருப்பு வேண்டும் என்றார். கொசுவுக்குப் போலிருக்கிறது என்று வேலுச்சாமியின் மனைவி வைக்கோல் கொண்டுவந்து போட்டார். லூயி அதைக் கொளுத்தி, தோலை அனலில் காட்டி, திருப்பித் திருப்பித் தட்டிப் பார்த்தார்.

பெரியவர்கள் எழுந்துவிட்டார்கள்.

வைக்கோல் கொளுத்திக் கொட்டுத் தோலைக் காய்ச்சுவது யார் என்று எங்கள் பக்கம் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அவர்கள் அந்த மாதிரி முற்றத்துக்குள் வருவதில்லை என்பதும்.

வேலுச்சாமி என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"தம்பி, இவுக என்ன ஆளுகன்னு கேளு."

"நீங்கதான பங்காளின்னீக?"

"அது நேத்து."

கீழத்தெருவிலிருந்து சன்னாசியை வரவழைத்தார்கள். ஊர்ச் சாவுக்கும் திருவிழாவுக்கும் பறை அடிப்பவர். வாசலுக்கு வெளியே நின்றபடி எட்டிப் பார்த்தார். உங்க ஆளா என்று கேட்டார்கள்.

"எங்க ஆளா இருந்தா இந்த முத்தத்துல உக்காந்து காச்சுவாகளா, சாமி?"

பெரியவர்கள் அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டார்கள். தீர்ப்பு மட்டும் சொன்னார்கள். ஆட்கள் வரலாம். பாட்டுப் பாடலாம். கொட்டு ஊருக்குள் வரக் கூடாது.

அப்படியே லூயியிடம் சொன்னேன். தோலைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"பாட்டு மாயாண்டி கொண்டுவந்தது. இது அவர் கட்டிக்கொண்ட பெண்ணின் வீட்டிலிருந்து வந்தது. அவளுடைய ஆட்களை ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகப் பிடித்து வந்தார்கள். இரண்டும் ஒரே வீட்டில் இருந்தவை. ஒன்றை மட்டும் எப்படிக் கூட்டி வருவேன்?"

பிறகு கேட்டார். "எங்கள் ஊர் வெள்ளைக்கார முதலாளிகளும் இதை வாசலுக்கு வெளியேதான் நிறுத்துவார்கள். அவர்களும் உங்களுக்குப் பங்காளிகளா?"

மொழிபெயர்த்தேன். வேலுச்சாமிக்கு அதில் பெருமை. "வெள்ளக்காரனே அப்பிடித்தான் வச்சிருக்கானாம்ல" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

மறுநாள் காலை பஸ்ஸில் லூயி போய்விட்டார். அடுத்த வருஷத் திருவிழாவுக்கு யாரும் வரவில்லை.

பிறகு ஒரு நாள் லூயியிடமிருந்து ஒரு ரிக்கார்டு வந்தது. அதே கமலைப் பாட்டு, அந்தக் கொட்டோடு. மைக்செட் கடையில் போட்டுக் கேட்டேன். கூடப் பாடிய கூட்டம் மாட்டை ரொம்பச் சந்தோஷமாகத் திட்டியது.

செய்தி நேற்றே அந்த ஊர் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. அவர் யார் என்று நெட்டில் தேடியும் பார்த்துவிட்டார்கள். பஸ் ஸ்டாப்பில் ஃபிளெக்ஸ் வைக்கிறார்களாம். "உலகப் புகழ் பெற்ற எங்கள் பங்காளிக்கு..."

வேலுச்சாமியின் பேரன் போன் செய்தான். மரியாதையான பையன். "சார், நெட்டுல இருக்குற படம் எல்லாத்துலயும் அந்தக் கொட்டு இருக்கு. அது இல்லாம ஒண்ணு உங்ககிட்ட இருக்குமா?"

என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. அன்று அந்த முற்றத்தில், அவருடைய கேமராவில், நான் எடுத்தது. ரிக்கார்டோடு அனுப்பியிருந்தார். வைக்கோல் எரிகிறது. கொட்டு அவர் முகத்தில் பாதியை மறைத்திருக்கிறது.

இங்கே போட்டிருக்கிறேன். வேண்டியவர்கள் வெட்டிக்கொள்ளலாம்.

போய் வாருங்கள், லூயி... நெருப்பு கேட்டால் கேள்வி கேட்காமல் கொடுக்கிற வீடாகப் பார்த்து.