சிப்பி டாக்டரும் சீராக வந்த ஏலத்தூர்களும்

போடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் சிலமலையில் எனக்குப் பெயர் சிப்பி டாக்டர். கேரளக் கரையில், காயலை ஒட்டிய ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. கயிற்றில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு வளர்க்கிற சிப்பிகளுக்கு என்ன நோய், எங்கிருந்து வந்தது என்று பார்ப்பேன். விடுமுறைக்குப் போடி வந்து பஸ் இறங்கினால் தெரிந்தவர் யாராவது கேட்டுவிடுவார்கள்: "ஏன் ஆத்தா, சிப்பிக்குமா காய்ச்சல் வருது?" வருகிறது. பாக்டீரியா காய்ச்சலும் வருகிறது, வைரஸ் காய்ச்சலும் வருகிறது. தெர்மாமீட்டர் வைக்க முடியாது, அவ்வளவுதான்.

வீட்டிலும் இந்தக் கேலி உண்டு. அண்ணனின் மனைவி, என் மதினி, ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள், சிப்பிக்குச் சீக்கு என்று எப்படித் தெரியும் என்று. நான் சொன்னேன்: "நல்ல சிப்பி, தொட்டா டப்புன்னு மூடிக்கும். சீக்கு வந்தது வாயத் தொறந்துக்கிட்டே கெடக்கும். தட்டினாலும் மூடாது." மதினி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப ஒனக்குப் பொறந்ததுல இருந்தே சீக்குதான்" என்றாள். நான் வாய் ஓயாதவள் என்பது ஊரறிந்த விஷயம். மறுக்கவில்லை.

இந்தப் பேச்சு நடந்தது ஓர் ஆனி மாதம். போடிமெட்டுக்கு மேலே சரிவில் அண்ணன் கொஞ்சம் இடம் வாங்கியிருந்தான். நடுவில் ஓர் ஓடை. இருந்த பழைய செடிகளை எடுத்துவிட்டு, நிழல் மரங்களைக் கவாத்து செய்து, குழி தோண்டி வைத்திருந்தான். புது ஏலச்செடி வைத்து ஏலக்காய் பார்க்க மூன்று வருஷமாவது ஆகும். அதுவரை வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருக்க வேண்டும். மதினியின் நகையில் பாதி அந்த மண்ணில் இருந்தது. அதனால் அந்த இடத்தைப் பற்றிப் பேசும்போது வீட்டில் யாரும் சிரிப்பதில்லை.

சாரல் நன்றாகப் பிடித்த ஒரு காலையில் அண்ணனோடும் மதினியோடும் மேலே போனேன். கொஞ்ச நேரத்தில் ஒரு ஜீப்பு வந்து நின்றது. மதினியின் அப்பா இறங்கினார். எனக்கு மாமா முறை. மலைக்கு மறுபக்கம் அவருக்கும் ஏலத்தோட்டம் இருக்கிறது. ஜீப்பு நிறைய ஏலத்தூர்கள், ஈரச்சாக்கு போட்டுக் கட்டி, கிழங்கும் வேரும் மண்ணுமாக. மேலே ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், மகளுக்கு ஒரு சேலை. பிறந்த வீட்டில் தோட்டம் இருந்தால், மகள் வீட்டுப் புதுத் தோட்டத்துக்கு முதல் தூர் அங்கிருந்துதான் வரவேண்டும் என்பது அந்தக் குடும்பத்தில் வழக்கம். அது செடி இல்லை, சீர். மதினியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாணப் பெண் மாதிரி இருந்தாள்.

நான் ஒரு தூரைத் தூக்கி இலையை விரித்துப் பார்த்தேன். பச்சைப் பசேல் என்று குறையில்லாமல் இருந்தது. "நல்லாருக்கு மாமா" என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால் அவர் சந்தோஷமாகக் காப்பி குடித்துவிட்டுப் போயிருப்பார். ஆனால் அவரே பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"சும்மா கண்ணுல பட்டதக் கொண்டாரல ஆத்தா. போன வருசம் எங்க கீழ்ப்பாத்தில தேமல் விழுந்துச்சு. சுத்தி நின்னதெல்லாம் போச்சு. பிடுங்கி எரிச்சேன். அதுக்கு நடுவுல அசையாம நின்னுச்சு பாரு, அதாந்தே இது. சீக்கத் தாங்கி நின்ன செடி. எம்மகளுக்குன்னே பொறுக்கி எடுத்தது."

கையிலிருந்த தூரைத் திரும்பச் சாக்கின் மேலேயே வைத்தேன். தேமல் என்று அவர் சொன்னது ஏலத்தில் வருகிற வைரஸ் நோய். இலையில் வெளுத்த கோடு கோடாக விழும். பிறகு தூர் சிறுத்து, காய் பிடிக்கிற சரம் சிறுத்து, காய் இல்லாமல் போகும். மருந்து கிடையாது. அசுவினிப் பூச்சி அதை ஒரு தூரிலிருந்து இன்னொரு தூருக்குக் கொண்டுபோகும். கிழங்கைப் பிரித்து நட்டால் மனிதனே கொண்டுபோவான்.

அந்த நிமிஷம் எனக்கு ஞாபகம் வந்தவள் காயல்கரைச் சேச்சி ஒருத்தி. போன கோடையில் தண்ணீர் சூடாகி, அவளுடைய கயிறுகளில் சிப்பிகள் கூட்டம் கூட்டமாக வாய் பிளந்தன. கொண்டுவந்து கொடுத்தாள், சோதித்தோம். வைரஸ் முதலில் போய் உடம்பைத் தளர்த்தியிருந்தது. பாக்டீரியா பின்னால் போய் மிச்சத்தை முடித்திருந்தது. முடிவு சொல்வதற்குள் அவள் ஒரு காரியம் செய்துவிட்டாள். சாகாமல் நின்ற சிப்பிகளாகப் பார்த்துப் பொறுக்கி, பக்கத்துக் காயலில் புதிதாகக் கயிறு போட்ட தங்கைக்குக் கொடுத்துவிட்டாள். பார்க்க அவ்வளவு அழகான சிப்பிகள், தொட்டால் டப்பென்று மூடின. சில வாரத்தில் தங்கையின் கயிறும் போயிற்று. ஆய்வுக்கூட வாசலில் நின்று அந்தச் சேச்சி கேட்டாள்: "மருந்நு ஒந்நும் இல்லே, மோளே?" திறந்த தண்ணீரில் எதைக் கரைத்து யாருக்குக் கொடுப்பது? இல்லை என்றுதான் சொன்னேன்.

நோயில் சாகாமல் நின்றது இரண்டு வகை. ஒன்று, நோயை உள்ளே விடாதது. இன்னொன்று, உள்ளே வைத்துக்கொண்டு வெளியே காட்டாதது. வெறும் கண்ணால் பார்த்து இது அது என்று சொல்ல என்னாலும் முடியாது, மாமாவாலும் முடியாது. எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. "மாமா, இதக் குழியில வைக்க வேணாம்" என்றேன்.

அண்ணன் மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏன் வேணாம்?" என்றார் மாமா.

"உள்ள சீக்கு இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். தெரியுற வரைக்கும் ஓடைக்கு அந்தப் பக்கம் தனியா வச்சுப் பாப்போம். காயல்ல புதுச் சிப்பிக் குஞ்சு வந்தா நாங்க தனித் தொட்டியில விட்டுத்தான் பாப்போம். இங்க குழியில வெதைல முளைச்ச நாத்து வாங்கி வைப்போம். வெதை வழியா இந்தச் சீக்கு வராது."

மாமா என்னைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்தார். "மாப்ளே, எம்மகளுக்குக் கொண்டாந்த சீர ஆஸ்பத்திரில சேக்கச் சொல்லுது ஒங்க தங்கச்சி. சேக்குறீகளா?"

அண்ணன் பாவம். ஒரு பக்கம் மாமனார், ஒரு பக்கம் நான். கடைசியில், "மண்ணு போனா திரும்ப வாங்க நம்மகிட்ட ஒண்ணும் இல்ல மாமா" என்றான். மாமா சேலைத் தட்டை மகள் கையில் கொடுத்துவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் ஜீப்பில் ஏறிவிட்டார்.

மதினிக்கு என் மேல் கோபம். இரவு தட்டை என் முன்னால் வைத்த விதத்திலேயே எல்லாம் தெரிந்தது. நான் ஊருக்குக் கிளம்பும்போது மட்டும் வாசலில் வந்து நின்றாள். "அந்தச் செடிய நாந்தே பாக்கப் போறேன். ஒரு இலைல கோடு விழாது. விழாதப்ப நீ வந்து எங்கப்பா முன்னாடி நின்னு சொல்லணும்" என்றாள். "சொல்றேன் மதினி. மனசாரச் சொல்றேன்" என்றேன். நான் சொன்னது நிஜம். என் கணக்கு தப்பாகிப்போகட்டும் என்று நான் வேண்டிக்கொண்ட இடம் அது ஒன்றுதான்.

அண்ணன் நாற்று வாங்கிக் குழிகளில் நட்டான். ஓடைக்கு அந்தப் பக்கம், பாறை ஓரமாக ஒரு பாத்தியில் சீர்த்தூர்கள் நின்றன. கூலிக்கு ஆள் ஏற்றிப்போகிற காலை ஜீப்பில் மதினி வாராவாரம் மேலே போனாள். காய்ந்த இலைமட்டையை உரித்துப் போட்டாள், அசுவினி அடையாமல் பார்த்துக்கொண்டாள், இலை இலையாகப் புரட்டினாள். அவள் பார்த்த பார்வைக்கு எங்கள் ஆய்வுக்கூடத்தில் வேலை கொடுக்கலாம். கோபத்தில் செய்தாள். ஆனால் அவ்வளவு சுத்தமாக நான்கூடச் செய்திருக்கமாட்டேன்.

தீபாவளிக்கு நான் வந்திருந்தபோது, பலகாரச் சட்டியைக்கூட இறக்கி வைக்காமல், "நாளைக்கு மேல போவோம், வா" என்றாள். குரல் சரியாக இல்லை. மறுநாள் அந்தப் பாத்தியில் குனிந்து, ஒரு தூரின் இளங்குருத்தைப் பிரித்து வெளிச்சத்துக்குப் பிடித்தாள். நடு நரம்பிலிருந்து ஓரத்துக்கு மெல்லிய வெளுத்த கோடுகள். இன்னொரு தூரில் பார்த்தேன், அதிலும் இருந்தது. கையில் மண்ணோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஓடைக்கு இந்தப் பக்கம் அண்ணனின் நாற்றுகள் கரும்பச்சையாக நின்றன.

நான் சொன்னதுதான் நடந்தது. அதில் எனக்கு ஒரு துளி சந்தோஷம் இல்லை. அவள் தோளில் கை வைத்தேன், தட்டிவிடவில்லை.

"அப்பாகிட்ட யாரு சொல்றது?" என்றாள்.

"நான் சொல்றேன்."

"வேணாம். நீ சொன்னா அவுகளுக்குச் சண்டையாத் தெரியும். நாஞ் சொல்றேன்."

அங்கிருந்தே போன் போட்டாள். மாமா மறுநாளே வந்துவிட்டார். ஓடையைத் தாண்டி, பாத்தி ஓரமாகக் குந்தி, குருத்தைப் பிரித்து ரொம்ப நேரம் பார்த்தார். எங்களைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் இந்தப் பாத்தியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"அப்போ என் தோட்டத்துல நிக்கிறது?" என்றார்.

நான் அவர் பக்கத்தில் குந்தினேன்.

"மருந்து ஏதும் இல்லயா ஆத்தா?"

காயல்கரையில் கேட்ட அதே கேள்வி. "இல்ல மாமா. சீக்கானத வேரோட எடுக்கணும். இடைவெளில வெதை நாத்து வைக்கணும். அடுத்து எது வந்தாலும் தனியா வச்சுப் பாக்கணும். அம்புட்டுதான்." மதினி பேச்சை முடித்துவைத்தாள்: "நாங்க வர்றோம்ப்பா. வெரசா எடுத்துருவோம்."

எடுத்தோம். ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த பாத்தி முழுவதையும், பிறகு அவர் தோட்டத்தின் கீழ்ப்பாத்தியில் கோடு கண்ட எல்லாவற்றையும். அவரே தோண்டினார், யாரையும் தோண்ட விடவில்லை. மகளும் நானும் அள்ளிக் குழியில் போட்டு மூடினோம். கடைசித் தூரை எடுத்தபிறகு அவர் முகத்தைத் துண்டால் துடைத்தபடி திரும்பி நின்றார். மதினி அழுதாள். நானும் அழுதேன்.

இந்த ஆனிக்கு நான் ஊரில் இருந்தேன். அண்ணனின் நாற்றுகள் இடுப்புக்கு மேல் வந்திருந்தன. பட்டுப்போன சில குழிகளுக்கு மட்டும் புதிதாக நட வேண்டியிருந்தது. சாரலில் ஒரு ஜீப்பு ஏறி வருகிற சத்தம் கேட்டது. மாமாதான். விதையிலிருந்து தானே முளைக்கவைத்த நாற்றுகள், ஈரச்சாக்கு, வெற்றிலை பாக்கு, மஞ்சள், மகளுக்கு ஒரு சேலை. குழிகள் தயாராக இருந்த பக்கம் ஜீப்பு வரும் என்று நாங்கள் நின்றோம். அது நிற்காமல் எங்களைத் தாண்டி, ஓடையையும் கடந்து போய், பாறை ஓரம் வெறுமனே கிடந்த பாத்தி பக்கம் நின்றது. மாமா இறங்கி, எங்களைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்:

"மொதல்ல இங்கதான ஆத்தா எறக்கணும்?"

மதினி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடைத் தண்ணீரில் இறங்கி ஓடினாள். பாதி வழியில் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தபடி நின்ற இடத்திலேயே நின்றிருந்தேன்.

"என்ன சிப்பி டாக்டரம்மா," என்று கத்தினாள், "தொறந்த வாயி மூடல? ஒடம்புக்குச் சீக்கா?"